வெயிலில் இடித்த இடி

அஸ்டொனிஷ் என்ற ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதி, டீச்சர் கீழே இரண்டு கோடு போட்டார்.

பெரிய ஆச்சரியம் என்று அர்த்தம். ஆனால் அதன் பழைய லத்தீன் வேர் இடியாம். இடி விழுந்தவன் போல விறைத்துப்போய் நிற்பதுதான் முதல் அர்த்தம் என்றார்.

எங்கள் நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருடம். டொரன்டோவில், புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பு. ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும்.

நான் எங்கள் ஊர் நாவலடியில் கேட்ட இடியைச் சொன்னேன்.

கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் எங்கள் வீடு. கல்யாணமாகி முதல் மார்கழி. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி புஸ்பம் கடற்கரையில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தாள்.

தூரத்தில் உறுமியது. முற்றத்தில் நின்றவள் சாக்கை எடுத்து உதறினாள்.

“வெயிலுக்குள்ள என்ன புள்ள இடி?”

“நான் போய்க் கருவாட்ட அள்ளுறன். நீங்க மாட்ட அவிழ்த்துட்டு வாங்க. வாவிக்கரைத் தென்னைக்குக் கீழ நிக்குது. இடி விழுந்தா பிறகு பாலில்லாத வெறுந்தேத்தண்ணிதான் உங்களுக்கு.”

இடி இடித்தால் எங்கள் பக்கத்தில் அர்ச்சுனன் பெயரைச் சொல்வார்கள், விழாமல் காப்பானாம். “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று சொல்லிக்கொண்டே அவள் கடற்கரைக்கு ஓடினாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதி பயம், பாதி சிரிப்பு.

நான் வாவிக்கரைக்கு நடந்தேன். மாட்டை அவிழ்த்து, கயிற்றைக் கையில் சுற்றினேன்.

கதையை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. தேத்தண்ணிக்குத்தான் கூடச் சிரித்தார்கள். புஸ்பத்தின் பகிடிக்கு ஆட்கள் சிரித்து எவ்வளவு காலம்! இன்னொரு தடவை சொல்லச் சொன்னால் சொல்லியிருப்பேன்.

கடல் வீட்டைத் தாண்டி வாவிக்குள் வந்து விழுந்ததைச் சொல்லவில்லை. மாடு நீந்தியதையும், கையில் சுற்றிய கயிறு என்னை அக்கரைக்கு இழுத்துப்போனதையும் சொல்லவில்லை.

டீச்சரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், பிறகு மழை பெய்ததா என்று.

“இல்லை டீச்சர்,” என்றேன். “அன்றைக்கு வானத்தில் ஒரு முகில்கூட இருக்கவில்லை.”