இடைவெளியை வெட்டியவர்

"இந்த அம்மாவுக்கு வாய் வலிக்குதா, இல்ல வேலை செய்ய உடம்பு வணங்கலையா?"

படத்தொகுப்பாளர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். பாடப் படங்கள் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். கையில் சிக்கிய எதையும் வெட்டாமல் விடமாட்டார்.

இந்த முறை ஓர் ஆஸ்பத்திரிக்கான படம். விழுங்க முடியாத நோயாளிக்கு மூக்குக் குழாய் வழியாக எப்படி உணவு கொடுப்பது என்று வீட்டாருக்குச் சொல்லித் தரும் பாடம். குரல் கொடுக்கும் அம்மாள் வீட்டிலிருந்தே பேசி அனுப்பியிருந்தார். ஒரு வரி பேசுவார். அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இருக்காது. இன்னொரு வரி, மறுபடியும் அதே கதை.

"பாக்கறவன் குறட்டை விட்டுடுவான்!"

எல்லா இடைவெளியையும் வெட்டியெறிந்தார். படம் பாதிக்கும் கீழே சுருங்கியது. படம் வரைகிற பெண்ணைக் கூப்பிட்டு, குழாய்க்குக் கண்ணும் வாயும் வரையச் சொன்னார். கீழே எழுத்து ஓடியது, பின்னால் இசை துள்ளியது. கத்திரிக்கு ஏகப்பட்ட திருப்தி.

மறுநாள் காலை, அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுக் குரலம்மா நேரிலேயே வந்து நின்றார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் படம் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது சார்."

"அதைச் சொல்ல நீங்க யாரும்மா? பேசிக் குடுத்தீங்க, உங்க வேலை முடிஞ்சுது."

"செய்யறவங்க கைக்கு நேரம் வேண்டாமா? அவசரமா ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும் சார். உசுருக்கே ஆபத்து."

"வேணும்னா நிறுத்தி நிறுத்திப் பாக்கட்டும்!"

"எந்தக் கையால நிறுத்தறது? ஒரு கையில குழாய், இன்னொரு கையில சிரிஞ்ச்!"

படமெடுப்பதற்காக வாங்கிய குழாயும் சிரிஞ்சும் மேசையிலேயே கிடந்தன. அம்மாள் அவற்றை எடுத்துக் கத்திரியின் கையில் திணித்தார். ஒரு டம்ளர் தண்ணீரையும் பக்கத்தில் வைத்தார்.

"நீங்களே செய்ங்க. ஏம்மா, நீ படத்தைப் போடு" என்றார் படம் வரைகிற பெண்ணிடம்.

கத்திரிக்குச் சுருக்கென்றது. ஆனால் அலுவலகமே எட்டிப் பார்க்கும்போது எப்படிப் பின்வாங்குவது?

"குழாயை மடக்கிப் பிடியுங்கள், மூடியைத் திறங்கள், சிரிஞ்சைப் பொருத்துங்கள், மெதுவாக ஊற்றுங்கள்..." குரல் மூச்சு விடாமல் ஓடியது. இவர் மூடியைத் திறப்பதற்குள் படம் குழாயைக் கழுவச் சொன்னது. கண் எழுத்துக்குப் போனது, கை குழாய்க்குப் போனது, தண்ணீர் மேசைக்குப் போனது. திரையில் குழாய் ஜாலியாகக் கண்ணடித்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"தண்ணிதானே, துடைச்சா போச்சு!" என்று கத்தினார் கத்திரி.

"இது மேசை சார். மனுஷனா இருந்தா?"

அவமானத்தில் கத்திரிக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது.

"நிறுத்துங்கம்மா! எனக்கே பாடம் எடுக்கறீங்களா? நீங்க பண்ணினது எனக்குத் தெரியாதுன்னு நினைப்பா? அந்த இடைவெளியில எல்லாம் கிண்ணம் வைக்கிற சத்தம், தண்ணி ஊத்தற சத்தம், ஆள் இருமற சத்தம்! வீட்டு வேலையைப் பாத்துக்கிட்டே பேசி அனுப்பிட்டு, இப்ப வந்து நியாயம் பேசறீங்க!"

குரலம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆமா சார், வேலை பாத்துக்கிட்டேதான் பேசினேன். இருமினது என் வீட்டுக்காரர். அவருக்குக் குழாயில ஊத்திக்கிட்டே, என் கை ஒவ்வொரு வேலையையும் முடிச்ச அப்புறம்தான் அடுத்த வரியைப் பேசினேன்."