நீலப் புடவை

வேலையை விட்டு நிறுத்தும் செய்தியைச் சொல்லப் போகும்போது நீல நிறம் உடுத்துங்கள், கேட்பவர் மனம் அமைதியாகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மனிதவள அதிகாரி பூங்கோதை இதுவரை ஒன்பது பேரை ஒரே நீலப் புடவையில் அனுப்பிவைத்திருந்தாள். மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, இன்று காலை அதைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததும் அலுவலகத்தில் இரண்டு பேர் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினார்கள்.

"இன்னிக்கு யாருக்கும் ஒண்ணுமில்லங்க. மத்த புடவை எதுவும் காயல, அதான்."

ஒருவரும் நிமிரவில்லை. பதினொரு வருடமாக அங்கிருக்கும் இருதயராஜ் எழுந்து வந்தார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி நீட்டினார்.

"பரவால்லம்மா. தினமும் நீங்க என்ன கலர்ல வர்றீங்கன்னு பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

பழக்கத்தில் அவள் கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது.