பேன் பார்க்க ஆளில்லை

பூங்காவில் இருந்த செம்பி என்ற குரங்குக்கு ஒரே ஆசைதான். முன்போல அக்கா தன் முதுகில் பேன் பார்க்க வேண்டும். ஆட்கள் வந்து பொரியும் பிஸ்கட்டும் போடத் தொடங்கியதிலிருந்து அக்கா வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. செம்பி போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"கேட்டைப் பூட்டிட்டாங்க. இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க. கொஞ்சம் பாரேன் அக்கா."

"உனக்கு வேற வேலை இல்லடி," என்று அக்கா முடியை விலக்கினாள். "அடியே, இவ்வளவு பேனா? யாருமே பாக்கறதில்லையா?"

"நீதானே பாப்ப."

அக்காவின் விரல்கள் மெதுவாக நகர்ந்தன. செம்பிக்குக் கண் சொருகியது.

அப்போது ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அக்கா ஒரே தாவலில் கேட் மேல் ஏறிவிட்டாள். பஸ் நிற்காமல் போனது.

"அடுத்தது நிக்கும்," என்றாள் அக்கா, ரோட்டைப் பார்த்தபடியே.

செம்பி காட்டிய முதுகைத் திருப்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.