மயிலம் போகும் வண்டி

பழைய பிக்கப்பின் கிளட்ச் சிலிண்டரைக் கழற்றி எடுத்துவந்து திண்டிவனம் பட்டறையில் வைத்தார் சுப்பராயலு.

“மூணாவது வாட்டிப்பா! நீ போடுறது டூப்ளிகேட் ரப்பரு.”

“ரப்பர் ஒரிஜினல்தாங்க பெரியவரே. ரெண்டு வருசம் உழைக்கிறது ரெண்டே மாசத்துல தேயுது. அப்படி எங்கதான் ஓட்டுறீங்க?” என்றான் மெக்கானிக் அருண்.

“வீட்டுக்காரிக்கு நெனப்பு தப்பிப்போச்சு. சாயங்காலமானா மயிலத்துல அம்மா வூட்டுக்குப் போவணும்னு அழுவுறா. தெனம் இட்டுக்கினு போறேன். இல்லன்னா சோறு துன்ன மாட்டா.”

நம்பாமல் அவர் வீடுவரை கூடவே போனான் அருண். வண்டியை ஒருமுறை சுற்றிவந்தான். சிலிண்டரை மாட்டிக் கொடுத்தான்.

சாயங்காலம் அவர் மனைவி தையல்நாயகி பூ வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சுப்பராயலு இன்ஜினைக் கிளப்பினார். கிளட்சை மிதித்தார், கியர் மாற்றினார், மறுபடி மிதித்தார். சீட்டு மெல்ல அதிர, அவள் கண்கள் சொக்கின.

“மயிலம் வந்துட்ச்சா?”

“தோ, கோபுரம் தெரியுது பாரு.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சுப்பராயலுவின் பார்வை மங்கியதும் மகன் நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டிருந்தான். வண்டி செங்கல் மேல் நின்றது.

அருண் ஜன்னலோரம் குனிந்தான்.

“மெல்லப் போங்க பெரியவரே. மேடு வருது.”