இரண்டு அறை வைத்திருந்த பெட்டி

ஒரு பேருந்து நிலையத்தில் நேரம் காட்டும் பெரிய திரை ஒன்று இருந்தது. அதன் முதுகில் ஒட்டியிருந்த சின்னப் பெட்டிதான் அதற்குப் படம் அனுப்பும். திரை இருண்டால் பெட்டியைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிடுவார்கள். அந்தப் பயம் பெட்டிக்கு எப்போதும் உண்டு.

ஒருநாள் தலைமைக் கணினியிலிருந்து புது இயங்குதளம் வந்தது. பெட்டியின் நினைவகத்தில் இரண்டு அறைகள். பழையதை அதன் அறையிலேயே விட்டு, காலி அறையில் புதியதை இறக்கியது.

திரை சிரித்தது. "அந்தக் கிழத்தை இன்னும் எதுக்குடா வச்சிருக்கே? எதிர் நடைமேடைப் பெட்டி அப்பவே துடைச்சு எறிஞ்சிடுச்சு. பயந்தாங்கொள்ளி!"

"ஆமாண்ணே, பயம்தான். புதுசு உங்க முகத்துல ஒரு படம் காட்டட்டும், அப்புறம் துடைக்கிறேன்."

புதியது எழுந்தது. அதற்குத் திரையை அடையாளமே தெரியவில்லை. இரு நடைமேடைத் திரைகளும் கறுத்துப்போயின. "எந்த பஸ்ஸுப்பா வருது?" என்று பயணிகள் கூச்சலிட்டார்கள்.

பெட்டி பழைய அறைக்குத் திரும்பியது. திரையில் நேரங்கள் மளமளவென்று வந்தன. எதிர்த்திரை மட்டும் இருண்டே கிடந்தது. பெட்டி அதோடு நிற்கவில்லை. "புதியது என்னிடம் ஓடவில்லை, இந்த இடத்தில் நின்றுவிட்டது" என்று தலைமைக் கணினிக்கு ஒளிக்காமல் சொல்லி அனுப்பியது.

பிழை திருத்திய இயங்குதளம் வந்தது. இம்முறை திரை பளிச்சென்று எழுந்தது. பிறகு எதிர்த்திரை, அப்புறம் ஊரிலுள்ள எல்லாத் திரைகளும். கூடவே தலைமைக் கணினி சொல்லியனுப்பியது: "இனி புதியது எதுவானாலும் முதலில் உன்னிடம்தான் வரும்."

"பயமா இல்லையா தம்பி?" என்றது திரை.

"இருக்குண்ணே" என்றது பெட்டி, அடுத்ததற்காகப் பழைய அறையைத் துடைத்துக்கொண்டே.