பூரணியின் இறால் குழம்பு

“இறால் குழம்போ! ஒருத்தரும் கடலுக்குப் போகாத இந்த நாளில உனக்கு இறால் எங்கால வந்தது, பூரணி?”

கேட்டவள் எல்சி. பூரணியின் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியரைத் தானே திறந்து, மூக்கை உள்ளே விடாத குறையாக மணந்து பார்த்தாள்.

“மீன்காரர் றஊப் நானா குச்சவெளிக் களப்பில இருந்து சைக்கிளில கொண்டுவந்தவர், அக்கா. மூண்டு நாளாச் சொல்லிவைச்சு வாங்கினனான்.”

“தேங்காய் முதல் பாலே விட்டனி?”

“ஓம். பெருஞ்சீரகம் வறுத்து இடிச்சு, கடைசியாப் போட்டு இறக்கினனான்.”

“இந்த மணத்துக்கு முகாமே எழும்பி வரப்போகுது!” என்று எல்சி சிரித்தாள்.

அது தொண்ணூறாம் ஆண்டு. துறைமுகத்துக்கு இறங்கும் வீதியில், இராணுவ முகாம் வாசலுக்கு எதிரே நின்ற வாகை மரத்தடியில் பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் பெண்கள் கூடிவிடுவார்கள். சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்துக்கொண்டு போன ஆண்களுக்கு இராச்சாப்பாடு கொடுக்கத்தான். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலும் இல்லை. சிப்பாய்கள் ஆளைக் காட்டமாட்டார்கள். கடிதம் வாங்கமாட்டார்கள். பெயர் ஒட்டிய கரியரை மட்டும் வாங்கிக்கொண்டு போய், ஒரு மணித்தியாலத்தில் திருப்பிக் கொடுப்பார்கள்.

கரியர் வெறுமையாக வந்தால் தன் ஆள் சாப்பிட்டுவிட்டான். இருபத்தேழு நாளாக அந்தப் பெண்களுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். உள்ளே ஒருவரும் இல்லை, எப்போதோ வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை அடிபட்டது. மரத்தடியில் மட்டும் அதை யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. அங்கே சமையல் கதைதான்.

“என்ர சின்னராசாவுக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி எண்டால் உயிர்,” என்றாள் கனகம்மா. ஒரே மகனை முகாமுக்குள் விட்டுவிட்டு நிற்பவள். “நேற்று ஒரு வெந்தயம்கூட மிச்சம் வைக்கேல்லை, பிள்ளை.”

“என்ர கிறிஸ்தோபர் மட்டும் என்னவாம், மாமி? நான் காய்ச்சின சுடுதண்ணியையும் ருசி எண்டு சொல்லுற மனிசன். இண்டைக்கு சூடைக் கருவாட்டுப் பொரியல். பாருங்கோவன், தட்டை நக்கித்தான் அனுப்புவார்!” என்றாள் எல்சி.

ஊருக்குள் திரியும் மான் ஒன்று மெல்ல வந்து கரியர்களுக்குக் கிட்ட மூக்கை நீட்டியது. “உனக்கில்லை, போ! இது ஆம்பிளையளுக்குக் கட்டினது,” என்று எல்சி அதை முந்தானையால் விசிறி விரட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பூரணி மட்டும் சிரிக்கவில்லை.

இளம் சிப்பாய் ஒருவன் வந்து கரியர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

“ஏன்டி முகம் வெளிறிக் கிடக்கு? உப்பு மறந்துபோனியோ?”

“இல்லை அக்கா. எல்லாம் கணக்காத்தான் இருக்கு. என்ர கையால இதைவிட நல்ல குழம்பு நான் ஒருநாளும் வைச்சதில்லை.”

அவள் அதைச் சொன்ன விதத்தில் எல்சிக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

ஒரு மணித்தியாலம் ஒரு யுகமாகப் போனது. கடைசியில் சிப்பாய் கரியர்களோடு வந்தான். எல்சி தன்னுடையதைப் பறித்துத் திறந்து, எல்லோருக்கும் தெரியும்படி கவிழ்த்துக் காட்டினாள். ஒரு பருக்கைகூட விழவில்லை. கனகம்மாவுடையதும் வெறுமைதான்.

கணவன் தவராசாவின் பெயர் ஒட்டிய கரியரைப் பூரணி கையில் வாங்கும்போதே பாரம் தெரிந்தது. எல்சிதான் திறந்து பார்த்தாள். மேல் தட்டில் புட்டு ஒரு துகள் இல்லை. நடுத்தட்டில் சொதி வழித்துத் துடைத்திருந்தது. அடித்தட்டில் இறால் குழம்பு, வைத்தது வைத்தபடி, மேலே எண்ணெய் படர்ந்து கிடந்தது. ஒரு விரல்கூட அதில் படவில்லை.

மற்றப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அது… பயணத்தில பழுதாப் போயிருக்கும்,” என்றாள் எல்சி. வாசலுக்கும் மரத்துக்கும் இருபது அடிகூட இல்லை.

“கவலைப்படாதை, பிள்ளை. நாளைக்கு நான் கத்தரிக்காய் தாறன். பால்கறி வை. தவராசா தம்பி சாப்பிடும்,” என்றாள் கனகம்மா.

பூரணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எல்சி பதறிப்போய் அவளை அணைத்துக்கொண்டாள். அதன் பிறகுதான் பூரணி அழுவது மட்டுமல்ல, சிரிக்கிறாள் என்பதும் அவளுக்கு விளங்கியது.

பூரணி நிமிர்ந்தாள். நிரம்பிய கரியரை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமியோ வேற ஆரோ திண்டிருந்தால் முதல் இதைத்தான் முடிச்சிருப்பினம், எல்சியக்கா. இறால் பட்டால் அவருக்கு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு அடைக்கும். கலியாணம் கட்டின பதினொரு வருசத்தில ஒருநாளும் தொட்டதில்லை. என்ர மனிசன் உள்ளுக்கு உயிரோடதான் இருக்கிறார்!”

எல்சி தன் கையிலிருந்த வெறும் கரியரைப் பார்த்தாள். பிறகு சட்டென்று சேலையை இழுத்துச் செருகினாள்.

“ஊரடங்குக்கு இன்னும் நேரம் கிடக்கு. கெதியா வா, சந்தைக்குப் போவம்,” என்றாள். “கிறிஸ்தோபர் பாகற்காயைக் கண்ணாலயும் பாக்கமாட்டார்.”