நீள முழம்

முளையடிக்கிற சத்தம் நெருங்கி வந்தது.

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எதையும் கவனிக்காதவள் போல நின்றேன்.

கேபார் வாய்க்கால் கரையில், உப்புப் பூத்த பொட்டலில், எங்கள் ஆண்கள் ஆலயம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கல் இல்லை, கேதுரு மரம் இல்லை. ஒரு நாணல் கோல், கயிறு, மரமுளைகள், மண்ணில் இழுத்த கோடு. எருசலேமில் இருந்ததை எரித்துவிட்டு எங்களைப் பாபிலோன்காரன் இங்கே ஓட்டிக்கொண்டு வந்த பிறகு, எங்களுக்கு வாய்த்தது இந்தக் கோடுதான்.

வரப்போகிற ஆலயத்தைத் தரிசனத்தில் கண்ட தீர்க்கதரிசி, அளவுகளை ஒன்று விடாமல் சொல்லி, அளந்து பாருங்கள் என்றிருந்தார். அளக்க அளக்க எங்கள் பாவம் எங்களுக்கே உறைத்து வெட்கம் வருமாம். வாரம் முழுக்க வாய்க்கால் சேறு அள்ளுகிறவர்களுக்கு வெட்கப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். எனக்கு அதுவும் இல்லை.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அந்தப் பொட்டலில்தான் என் பிள்ளை கிடக்கிறான்.

எட்டாம் நாளைப் பார்க்காதவன். அதனால் அன்று செய்கிற விருத்தசேதனமும் இல்லை, அன்று வைக்கிற பெயரும் இல்லை. அவன் அப்பா அப்போது தூரத்து வாய்க்கால் வேலைக்குப் போயிருந்தார். நானும் மருத்துவச்சியும்தான் புதைத்தோம். அடையாளத்துக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை.

திரும்பி வந்தவர், எங்கே என்று என்னிடம் கேட்கவில்லை. அவர் ஆசாரியர். பிணம் கிடக்கிற இடம் அவருக்குத் தீட்டு. அதனால்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் மட்டும் ஆறவில்லை.

செத்தவர்களின் எலும்பு ஆலயத்தின் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. அதுவும் தீர்க்கதரிசி சொன்னதுதான். நான் வாயைத் திறந்தால் பிள்ளையைத் தோண்டி எடுத்துத் தூரப் போடுவார்கள். திறக்காவிட்டால் அவன் மேல் முளை இறங்கும்.

ஆலய ஊழியம் செய்கிற லேவியர் குலத்து அக்கூப் கோலைப் புரட்டிப் புரட்டி அளந்துகொண்டு வந்தான். எங்கள் குடியிருப்பில் அவனுக்குத்தான் வாய் அதிகம். முன்மண்டபம் முடிந்தது. பரிசுத்த இடம் முடிந்தது. உள்ளே போகப் போக வாசல் குறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் மகா பரிசுத்த அறை, பிரதான ஆசாரியர் தவிர யாரும் நுழையக் கூடாத இடம். கோட்டுக்கு உள்ளே கால் வைக்கப் பயந்து, வெளியே சுற்றி வந்துதான் அதை அளந்தான்.

அதன் பின்சுவருக்கு அவன் முளையை ஊன்றிய இடத்தைப் பார்த்தேன். அதே இடம்.

கொட்டாப்புளியை ஓங்கினான்.

"நிறுத்து," என்றார் என் கணவர் பெத்தகியா. "எந்த முழத்துல அளந்தே?"

"இதென்ன கேள்வி? வாய்க்கால்ல தினமும் அளக்குற முழந்தான்."

"அது பாபிலோன்காரன் முழம். நமக்குச் சொன்னது முழமும் அதுக்கு மேல ஒரு கை அகலமும். முதல் முளையைத் தவிர எல்லாத்தையும் பிடுங்கு."

ஆண்கள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். சூரியன் பேரீச்சை மரங்களின் தலைக்கு இறங்கியிருந்தது. அது மறைந்தால் ஓய்வுநாள் பிறந்துவிடும். பிறகு யாரும் முளையைத் தொடக் கூடாது.

"ஆசாரியரே, வெறும் மண்ணுல ஒரு கை கூடினா என்ன, குறைஞ்சா என்ன? கூரையா ஒழுகப் போகுது?" என்றான் அக்கூப். எல்லோரும் சிரித்தார்கள்.

"உன்னை வாசல் காக்கத்தானே வச்சிருக்கு. போய் வாசலைப் பாரு."

அக்கூப்பின் முகம் செத்துவிட்டது. புதிய ஆலயத்தில் லேவியர்களுக்கு வாசற்காவல்தான் என்று கேட்ட நாளிலிருந்து அவனுக்கு அது ஆறாத புண். இவர் அப்படிக் குத்திப் பேசுகிறவரே இல்லை. எனக்கே அவர் மேல் எரிச்சல் வந்தது.

கோலைப் பிடுங்கிக்கொண்டு அவரே அளந்தார். முழத்துக்கு ஒரு கை, முழத்துக்கு ஒரு கை என்று ஆலயம் மேற்கே நகர்ந்துகொண்டே போனது. கடைசி முளை எங்கேயோ தள்ளிப் போய் இறங்கியது. நான் மூச்சு விட்டேன்.

விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. என் பிள்ளை இப்போது மகா பரிசுத்த அறையின் நட்டநடுவில் கிடந்தான்.

பொழுது சாய்ந்தது. ஆட்கள் கோலையும் கயிற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அக்கூப் எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

இவர் மட்டும் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தார். நான் பக்கத்தில் போனேன். இவ்வளவு பெரிய தீட்டை இந்த மனுஷன் தலையில் ஏற்றிவிட்டு என்னால் சாப்பிட முடியாது.

"ஏங்க, இந்த அறைக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். வந்த அன்னைக்கே மருத்துவச்சிகிட்ட கேட்டேன்."

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அறையின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில இவன் கிடக்கிற இடத்துலேர்ந்து எண்ணிப் போய்த்தான் முதல் முளையை அடிச்சேன்."

நான் கோட்டை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"வருஷத்துக்கு ஒரு நாள், ஒரே ஒருத்தர்தான் உள்ள வருவார்," என்றார். "அவரும் வெறுங்காலோட. இவன் முழிச்சுக்க மாட்டான்."